மஞ்சுளா பிறந்த கதை

புதுக்கோட்டைப் பக்கத்து விவசாயிக்கு ரகம் என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. வம்பனில் உள்ள தேசிய பயறு ஆராய்ச்சி மையத்தின் உளுந்து, ஊர்ப் பெயரும் எண்ணுமாகத்தான் அவர் கைக்கு வருகிறது. வம்பன் 8 கேட்டவரிடம் வம்பன் 10 நீட்டினால் ஏன் என்று கேட்பார். அதே வீட்டு வாசலில் தொங்கும் கொடிக்கு மட்டும், எந்த ரகமானாலும், மணி பிளான்ட் என்று ஒரே பெயர்.

அந்தக் கொடியின் பூர்வீகம் பசிபிக் கடலில் இருக்கும் மூரியா தீவு. 1880-இல் போத்தோஸ் ஆரியஸ் என்று அறிவியல் பெயர் பெற்றது. பிறகு சிண்டாப்சஸ் ஆனது, ராபிடோபோரா ஆனது, கடைசியில் எபிப்ரெம்னம் ஆரியம் என்று நிலைத்தது. இத்தனை இடமாற்றத்துக்குக் காரணம், பூவைப் பார்க்காமல் குடும்பத்துக்குள் அதன் இடத்தைத் தீர்மானிக்க முடியாததுதான். இந்தக் கொடி தானாகப் பூப்பது மிக மிக அரிது. பூக்கத் தேவையான ஜிப்ரலின் ஹார்மோனை உருவாக்கும் மரபணு ஒன்று இதில் சரியாக வேலை செய்யவில்லை என்று 2016-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

பூ இல்லையென்றால் விதை இல்லை, இரண்டு ரகங்களைக் கலக்கவும் வழியில்லை. அப்படியானால் புது ரகம் எங்கிருந்து வரும்? கொடியின் வளர்நுனியில் ஒரு செல் தானாக மாற வேண்டும். அந்தச் செல்லிலிருந்து பெருகும் அடுக்கில் பச்சையம் குறைந்தால் இலையில் வெள்ளை விழுகிறது. வெள்ளை தெளித்த மார்பிள் குயீன் ரகத்திலிருந்து இப்படிப் பிரிந்தவை பல. அமெரிக்காவில் புளோரிடா பல்கலைக்கழகத்தார் காத்திருக்கவில்லை. மார்பிள் குயீனுக்குக் கதிர்வீச்சு கொடுத்து, வந்த மாற்றங்களில் ஒன்றைத் தேர்ந்து யூஎஃப்எம்12 என்று பதிவு செய்தார்கள். கடையில் அது பேர்ல்ஸ் அண்ட் ஜேட்.

நம் நாட்டுப் பங்கு இதில் சின்னதல்ல. என்ஜாய் ரகம் மும்பை நர்சரி ஒன்றில் மார்பிள் குயீன் கூட்டத்துக்குள் கண்டெடுக்கப்பட்டது. மஞ்சுளா என்ற ரகமும் இந்தியர் ஆஷிஷ் அரவிந்த் ஹன்சோட்டியின் பெயரில்தான் 2016-இல் அமெரிக்கத் தாவரக் காப்புரிமை பெற்றது. காப்புரிமைத் தாளில் அதன் பெயர் ஹன்சோட்டி14. மஞ்சுளா என்பது விற்பனைப் பெயர். உளுந்துக்கு வம்பன் 8 எப்படியோ, இந்தக் கொடிக்கு ஹன்சோட்டி14 அப்படி: உலகில் எந்த மூலையில் வாங்கினாலும் அதே கொடியின் துண்டு என்று உறுதி சொல்லும் பெயர். விதையில் வராத குணம் என்பதால், கணுவோடு வெட்டிய துண்டு மட்டுமே அதைக் கடத்தும். திருடி வந்து வைத்தால்தான் பணம் சேரும் என்று நம்பி, பக்கத்து வீட்டில் கிள்ளி வருகிறோமே, அந்தத் துண்டும் இப்படித்தான் ரகத்தைப் பரப்புகிறது.

இவற்றைப் பிரித்தறிவது கடினமல்ல. என்ஜாயில் வெள்ளையும் பச்சையும் தெளிவான எல்லையோடு நிற்கும், இலையும் சிறியது. பேர்ல்ஸ் அண்ட் ஜேடில் வெள்ளைப் பகுதிக்குள் பச்சைப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். மஞ்சுளாவின் இலை அகலமாய், ஓரம் நெளிந்து, தட்டையாகப் படியாமல் எழும்பி நிற்கும். ஓர் இலையை வைத்து முடிவு செய்யாதீர்கள். நல்ல வெளிச்சத்தில் வளர்ந்த நான்கைந்து இலைகளைச் சேர்த்துப் பாருங்கள்; நிழலில் வளர்ந்தால் எல்லா ரகமும் ஒன்றுபோலத் தெரியும்.

நர்சரிக்காரர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பையில் ஒரு சீட்டுக் குத்தி ரகத்தின் பெயரை எழுதுங்கள். உறுதியில்லாத கொடிக்கு மஞ்சுளா என்று பெயர் வைத்து விலை ஏற்ற வேண்டாம். வெள்ளை கலந்த மணி பிளான்ட் என்று எழுதுங்கள், அது பொய்யில்லை. வாங்கி வளர்ப்பவர்களுக்கு ஒன்று: முழுப் பச்சையாக ஒரு கிளை கிளம்பினால் உடனே கணுவோடு வெட்டி விடுங்கள். பச்சைக் கிளை வேகமாக வளரும். விட்டுவைத்தால் வெள்ளைக் கிளைகளை அமுக்கிவிடும்.