கடலடித் தந்தியும் காவலிப் பொருளும்

1858ஆம் ஆண்டு ஓகஸ்ட் 16ஆந் திகதி, விக்ரோறியா மகாராணியார் அமெரிக்க அதிபர் புக்கானனுக்கு அத்திலாந்திக் கடலடித் தந்தி மூலம் வாழ்த்துச் செய்தியொன்றை விடுத்தார். அதிலிருந்த சொற்கள் 98. அவை அக்கரை சேர ஏறக்குறைய 16 மணித்தியாலங்கள் சென்றன. சில வாரங்களுள் அவ்வடம் முற்றாகவே ஊமையாயிற்று. செய்கையிற் காணப்பட்ட குறைபாடும் கையாண்டோரின் அவசரமுமே இத்தோல்விக்குக் காரணமெனக் கூறுதல் வழக்கம். அது பொய்யன்று, ஆயின் முழு உண்மையுமன்று. செம்புக் கம்பியைப் பற்றிச் சிந்தித்த அளவிற்கு அதனைச் சூழ்ந்த காவலியைப் பற்றி எவரும் சிந்தித்திலர்.

காவலி என்பது மின்னை வெளியேறவிடாது தடுக்கும் வெறுஞ் சுவர் என்பதே அக்காலத்துப் பொதுக் கருத்து. இதனை 1837இல் மைக்கல் பரடே தகர்த்தார். ஒன்றினுள் ஒன்றாய் அமைந்த பித்தளைக் கோளங்களைக் கொண்டதும் ஒரே அளவினதுமான இரு கருவிகளை அவர் செய்வித்தார். ஒன்றின் இடைவெளியில் வளி மட்டும் இருந்தது. மற்றையதன் இடைவெளியிற் பாதியை அரக்கு நிரப்பியது. வளியுள்ள கருவிக்கு ஊட்டிய ஏற்றத்தை மற்றையதுடன் பகிர்ந்தபோது, அதன் அழுத்தம் பாதியளவிலே நில்லாது அதற்குங் கீழே இறங்கிற்று. அரக்குள்ள கருவி கூடிய பங்கைத் தன்பால் ஈர்த்துக்கொண்டது என்பதே இதன் பொருள். கந்தகமும் இவ்வாறே நடந்தது. மின்மண்டலத்தில் வைக்கப்பட்ட காவலியினுள்ளே நேரேற்றங்களும் மறையேற்றங்களும் ஒன்றினின்று ஒன்று சிறிதே விலகி அம்மண்டலத்தை நலிவிக்கின்றன. எனவே அதே அழுத்தத்திற் கூடிய ஏற்றம் தங்குகிறது என இன்று விளக்குகிறோம். கவென்டிசு இவ்வுண்மையை 1770களிலேயே கண்டிருந்தும் வெளியிட்டாரல்லர். அவரது ஏடுகளை 1879இல் மக்சுவெல் பதிப்பித்த பின்னரே உலகம் அதனை அறிந்தது.

கடல்வடத்திற்கு உறையாகியது குத்தாப்பேர்ச்சா என்னும் மலாயா நாட்டு மரப்பால். சிங்கப்பூரில் மருத்துவராயிருந்த மொன்கொமரி 1843இல் அதனை இங்கிலாந்தின் கவனத்திற்குக் கொணர்ந்தார். வெந்நீரில் இளகி, குளிரில் இறுகி, கடல்நீரிற் கெடாதிருக்கும் இப்பொருளைப் பெறுதற்கு மரத்தையே வீழ்த்த வேண்டியிருந்தது. 1858ஆம் ஆண்டு வடத்தில், ஒரு கடல்மைலுக்குச் செம்பு 107 இறாத்தலாகவும் இவ்வுறை 261 இறாத்தலாகவும் இருந்தன.

உள்ளே செம்பு, வெளியே கடல்நீர், நடுவே குத்தாப்பேர்ச்சா. எனவே வடம் முழுவதும் நெடியதொரு லெய்டன் சாடியே என 1854இல் பரடே விளக்கினார். சாடி நிரம்பும்வரை மறுமுனையில் குறிப்புத் தெளிவாகத் தோன்றாது. கம்பியின் தடையும் கொள்ளளவமும் நீளத்துடன் கூடுவதால், தாமதம் நீளத்தின் வர்க்கத்திற்கு விகிதசமமாகும் என வில்லியம் தொம்சன் 1855இற் காட்டினார். நீளம் இருமடங்காயின் தாமதம் நான்மடங்கு. கம்பனியின் மின்னியலாளரும் தொழிலால் மருத்துவருமான வைற்கவுசு இதனை மறுத்தார். கம்பியைத் தடிப்பாக்கினால் அதன் பரப்புக் கூடி மேலும் ஏற்றத்தை விழுங்கும் என்பது அவர் பக்கத்தாரின் வாதம். இதனை அறியாமையென ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. உறையின் தடிப்பு மாறாதிருப்பின் அவ்வாதம் ஓரளவு பொருந்தும். கம்பியும் உறையும் ஒரே விகிதத்திற் பெருத்தால் கொள்ளளவம் மாறாது, தடை மட்டுமே குறையும் என்பதைத்தான் அவர்கள் காணத் தவறினர். தொம்சன் இயக்குநர் சபையில் அமர்ந்தபோது வடத்திற்குக் கட்டளை கொடுக்கப்பட்டாயிற்று.

தாமதத்தை வன்மையால் வெல்லக் கருதிய வைற்கவுசு, தூண்டற் சுருள்களைக் கொண்டு ஏறக்குறைய 2000 வோல்ற்று அழுத்தத்தை வடத்திற் செலுத்தினார். ஏற்கெனவே பழுதுற்றிருந்த உறை அதனைத் தாங்கவில்லை. காவலிக்கும் ஓர் எல்லையுண்டு; மண்டலம் அவ்வெல்லையை மீறின் அது கடத்தியாகிவிடும். வைற்கவுசு பதவி நீக்கப்பட்டார்.

1866இல் கிறேற் ஈஸ்ரேண் கப்பல் இட்ட வடத்தில், கடல்மைலுக்குச் செம்பு 300 இறாத்தலும் குத்தாப்பேர்ச்சா 400 இறாத்தலும் இருந்தன. சிறிய மின்கலங்களின் மெல்லழுத்தமும் தொம்சனின் ஆடிக் கல்வனோமானியும் கொண்டே, நிமிடத்திற்கு 6 முதல் 8 வரையான சொற்கள் கடல் கடந்தன.