முதல் இலக்கமே பொய்

பழைய அமெரிக்கக் கொமிக்ஸ் ஒன்றை இண்டைக்கு ஏலத்தில் வாங்குகிறவர் அதைத் திறந்து வாசிக்க மாட்டார். வாசிக்கவும் ஏலாது. கடினமான பிளாஸ்டிக் பெட்டிக்குள் அது மூடப்பட்டிருக்கும். பெட்டிக்கு மேலே ஒரு சீட்டு, அதில் ஒரு எண். 0.5 எண்டால் கிழிசல், 10 எண்டால் குறையே இல்லை. 2024இல் சுப்பர்மேன் முதன்முதலாக வந்த 'அக்ஷன் கொமிக்ஸ்' முதல் இதழின் ஒரு பிரதி 60 இலட்சம் டொலருக்குப் போனது. 1938இல் அதன் விலை 10 சதம். அந்த 60 இலட்சத்தில் பெரும் பங்கு பெட்டியில் எழுதியிருந்த 8.5 என்ற எண்ணுக்குத்தான் கொடுக்கப்பட்டது என்று சொன்னால் மிகையில்லை.

அந்த எண்ணைப் போடுவது யார்? ஒரு கம்பனியில் சம்பளத்துக்கு வேலை செய்கிற சிலர். நாங்கள் இந்தக் கட்டுரையில் பேச வருவது அவர்களைப் பற்றித்தான்.

கொமிக்ஸுக்கு இந்த முறை வந்தது 2000ஆம் ஆண்டில் தொடங்கிய சிஜிசி என்ற கம்பனியோடு. அதற்கு முன்னம் ரொபர்ட் ஓவர்ஸ்ட்ரீட் 1970இல் தொடங்கிய விலைக் கையேடு இருந்தது. ஆனால் ஒரு பிரதி நல்ல நிலையில் இருக்கிறதா இல்லையா என்பதை விற்கிறவரே சொல்லிக்கொண்டார். விற்கிறவன் தன் மாங்காயைப் புளிக்கும் எண்டு சொல்லுவானா? அதனால் வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் நடுவில் மூன்றாம் ஆள் ஒருவர் தேவைப்பட்டார். தரம் பார்க்கிற ஊழியர்கள் கொமிக்ஸ் வியாபாரம் செய்யக்கூடாது என்பது கம்பனியின் விதி. யோசனை நல்லதுதான்.

ஆனால் இந்த யோசனை கொமிக்ஸில் பிறந்தது இல்லை. நாணயங்களில் தொடங்கி, பேஸ்போல் காட்டுகள் வழியாக வந்தது. அந்தக் காட்டுகளின் கதையைத் தெரிந்தால்தான் கொமிக்ஸில் பின்னர் நடந்தது விளங்கும்.

ஹோனஸ் வாக்னர் பிற்ஸ்பர்க் அணியின் ஆட்டக்காரர். 1909க்கும் 1911க்கும் இடையில் ஒரு புகையிலைக் கம்பனி சிகரெட் பெட்டிக்குள் ஆட்டக்காரர்களின் படக்காட்டுகளை வைத்து விற்றது. வாக்னரின் காட்டு மட்டும் பாதியில் நிறுத்தப்பட்டது. சிகரெட்டோடு தன் படம் போவதை அவர் விரும்பவில்லை என்று ஒரு கதை, காசுப் பிரச்சினை என்று இன்னொரு கதை. எப்படியோ, மிஞ்சியவை சில டசின்கள்தான்.

அதில் ஒன்றை 1985இல் பில் மாஸ்ட்ரோ என்ற சேகரிப்பு வியாபாரி 25,000 டொலருக்கு வாங்கினார். இரண்டு வருடத்தில் 110,000 டொலருக்கு விற்றார். 1991இல் ஐஸ் ஹொக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய அணி உரிமையாளர் புரூஸ் மெக்னோலும் சேர்ந்து 451,000 டொலருக்கு எடுத்தார்கள். (மெக்னோல் பிறகு வங்கி மோசடிக்காகச் சிறைக்குப் போனது தனிக்கதை.)

அதே 1991இல் பிஎஸ்ஏ என்ற கம்பனி காட்டுகளுக்குத் தரம் போடும் தொழிலைத் தொடங்கியது. அவர்கள் தரமிட்ட முதல் காட்டு இந்த வாக்னர்தான். தரம் 8. சான்றிதழ் இலக்கம் 1. புதுக் கடைக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்குமா?

காட்டின் ஓரங்கள் கத்தி போலக் கூராக இருந்தன. சிகரெட் பெட்டிக்குள் கிடந்த 80 வருடத்துக் காகிதம் அப்படி இருக்காது என்று பழைய ஆட்கள் முணுமுணுத்தார்கள். ஓரம் வெட்டிய காட்டுக்கு எண் தரம் கொடுக்கக்கூடாது என்பது இந்தத் தொழிலின் அடிப்படை விதி. அந்தக் காட்டைப் பார்த்த குழுவில் இருந்த ஒருவர், அது வெட்டப்பட்டது என்று தனக்கு அப்போதே தெரியும் எனப் பல வருடம் கழித்துப் பத்திரிகையாளர்களிடம் சொன்னார். தெரிந்தும் 8 போட்டார்கள் என்றுதான் இதற்கு அர்த்தம்.

விலையோ ஏறிக்கொண்டே போனது. நடுவில் ஒரு கடைப் போட்டியில் இது பரிசாகப் போய், புளோரிடாவில் தபால் வேலை செய்த ஒரு பெண்ணுக்கு விழுந்தது. வரி கட்ட வசதியில்லாமல் அவர் உடனே விற்க வேண்டிவந்தது. 1996இல் 640,500 டொலர், 2000இல் 12 இலட்சத்துக்கு மேல், 2007இல் 28 இலட்சம்.

2013இல் சிகாகோ நீதிமன்றத்தில் மாஸ்ட்ரோ ஒப்புக்கொண்டார். அந்தக் காட்டின் ஓரங்களை வெட்டியது அவர்தான். வழக்கு அதோடு நிற்கவில்லை. அவருடைய ஏல நிறுவனத்துக்குள் இருந்தவர்களே பொய்யாக விலை கேட்டு ஏலத்தை ஏற்றியிருந்தார்கள். 2015இல் மாஸ்ட்ரோவுக்கு 20 மாதச் சிறை விதிக்கப்பட்டது.

கள்ளன் வெளியில் இருந்து வந்தால் கதவைப் பூட்டலாம். திறப்பு வைத்திருப்பவரே கண்ணை மூடிக்கொண்டால் என்ன செய்வது? இந்தத் தொழிலில் ஆயிரக்கணக்கானவர்களின் புத்தகங்கள் மாதக்கணக்காக அந்நியர் கையில் கிடக்கின்றன. 9.6க்கும் 9.8க்கும் இடையில் கண்ணுக்குப் படாத ஒரு மடிப்பு, விலையில் பல மடங்கு வித்தியாசம். அதைத் தீர்மானிக்கிறவர் மாதச் சம்பளக்காரர். எல்லாரும் நேர்மையானவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். களைத்துப்போய்ப் பார்க்காமல் விட்டாலும் விளைவு ஒன்றுதான்.

2023 டிசம்பரில் கொமிக்ஸ் சேகரிப்பாளர்கள் கண்டுபிடித்தது அதைத்தான். பெட்டி உடைந்தால் புதுப் பெட்டி போட்டுத் தரும் சேவை ஒன்று சிஜிசியிடம் இருந்தது. வெளி ஆள் ஒருவர் அடையாளம் தெரியாமல் பெட்டியைத் திறந்து, நல்ல பிரதியை எடுத்துவிட்டு, அதே இதழின் மட்டமான பிரதியை உள்ளுக்க வைத்து, புதுப் பெட்டி கேட்டு அனுப்பியதாகக் கம்பனி பிறகு வழக்குப் போட்டது. உள்ளே இருந்தவர்கள் புத்தகத்தைத் திரும்பத் தரம் பார்க்கவில்லை. சீட்டில் 9.8 இருந்தது, புதுப் பெட்டியிலும் 9.8 போட்டுக் கொடுத்தார்கள். பழைய பெட்டியை உடைத்தவர் வெளியாள். பொய்ப் பிரதிக்குப் புதுப் பெட்டி போட்டு மூடியது கம்பனியின் கை.

பிடித்ததும் ஊழியர்கள் இல்லை. ஒரே சான்றிதழ் இலக்கத்தின் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த சாதாரண வாசகர்கள். அட்டையில் இருந்த சின்னக் கறையும் கோடும் ஒத்துவரவில்லை. கொமிக்ஸைக் கண்ணால் பார்க்கத் தெரிந்தவர்கள் இன்னும் இருந்தபடியால் பிடிபட்டது.

கம்பனி சந்தேகத்துக்குரிய இலக்கங்களின் பட்டியலை வெளியிட்டது. 300க்கும் மேற்பட்டவை. பட்டியலில் தங்கள் இலக்கத்தைக் கண்டவர்கள் என்ன செய்யவேண்டும்? பெட்டியைத் திரும்ப அதே கம்பனிக்கு அனுப்பி, அவர்கள் பார்த்துச் சொல்லும்வரை காத்திருக்கவேண்டும்.