செவிலியர் கல்வியில் பாலின விழிப்புணர்வு: மதுரை வட்டார வரலாறு

ஆண், பெண் என்ற முன்முடிவுகள் பராமரிப்பைப் பாதிக்காதவாறு மாணவர்களைப் பயிற்றுவிப்பதே செவிலியர் கல்வியில் பாலின விழிப்புணர்வு எனப்படுகிறது. இதற்கு மதுரை வட்டார வரலாறு இரு பாடங்களைத் தருகிறது.

உசிலம்பட்டிப் பகுதியில் நிகழ்ந்த பெண் சிசுக்கொலை 1980களில் நாடெங்கும் பேசப்பட்டது. வரதட்சணைச் சுமை அதன் முதன்மைக் காரணங்களுள் ஒன்று. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் மதுரைக்கும் வந்தது. கருவின் பாலினத்தைச் சொல்லாலோ சைகையாலோ தெரிவிப்பதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது.

இரண்டாவது பாடம், ஆண் பெண் என்று உடனே வகைப்படுத்த இயலாத உடற்கூறுடன் பிறக்கும் இடைப்பாலினக் குழந்தைகள் பற்றியது. இவர்களுக்குப் பாலினத்தைச் ‘சீராக்கும்’ அறுவைச் சிகிச்சையைத் தடுக்குமாறு 2019 ஏப்ரல் 22 அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை பணித்தது. உயிருக்கு ஆபத்தான நிலை தவிர அதைத் தடைசெய்து அவ்வாண்டே தமிழ்நாடு அரசு ஆணை பிறப்பித்தது.

“என்ன குழந்தை?” என்று உறவினர் முதலில் கேட்பது பெரும்பாலும் செவிலியரிடமே. ஆகவே இப்பாடத்துக்கு விரிவுரை மட்டும் போதாது. மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்த வீட்டில் என்ன சொல்வது, இடைப்பாலினக் குழந்தையின் தாயிடம் எப்படிப் பேசுவது என்பவற்றை மாணவர்கள் நடித்துப் பார்த்து, கலந்துரையாடி, கிராமக் களப்பயிற்சியில் பழகினால்தான் பிரசவ அறையில் அது கைகொடுக்கும்.