பி1 பிறந்த கதை

பி1 என்று இன்று உலகம் முழுக்கச் சொல்லப்படும் மொழிநிலைக்கு முதலில் எழுத்துருவம் கொடுத்தவர் ஒரு டச்சுக்காரர், உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யான் வான் எக். 1975இல் ஐரோப்பிய கவுன்சில் வெளியிட்ட அவருடைய ‘திரெஷோல்டு லெவல்’ ஆங்கிலம் கற்பவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. இலக்கணத்திலிருந்து தொடங்காமல் மனிதரிடமிருந்து தொடங்கியதுதான் அந்த நூலின் புதுமை. தெரியாத ஊரில் ஒருவர் பிறர் துணையின்றி வாழ என்னவெல்லாம் செய்ய வேண்டியிருக்கும்? வழி கேட்க வேண்டும், வீடு தேட வேண்டும், மருத்துவரிடம் வலியைச் சொல்ல வேண்டும், உதவி கேட்க வேண்டும், அழைப்பை மறுக்க வேண்டும், மன்னிப்புக் கோர வேண்டும். இவற்றையெல்லாம் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் எந்தச் சொற்கள், எந்த வாக்கியங்கள் போதும் என்று வான் எக் வகுத்தார்.

அவருடைய நாடான நெதர்லாந்தில் இன்று அடைக்கலம் பெறுபவருக்கும், துணையோடு சேர்ந்து வாழ வெளிநாட்டிலிருந்து வருபவருக்கும் அரசிடமிருந்து ஒரு கெடு வருகிறது. மூன்று ஆண்டுக்குள் டச்சில் எட்ட வேண்டிய நிலையாக அதில் பெரும்பாலும் குறிக்கப்படுவது பி1. எட்டாதவருக்கு அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. கற்பவருக்குத் துணையாகப் பிறந்த அளவு இந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

தொடக்கம் 1971. சூரிச் ஏரிக்கரையில் உள்ள ரூஷ்லிக்கோன் என்ற ஊரில் ஐரோப்பிய கவுன்சில் ஒரு கருத்தரங்கைக் கூட்டியது. வேலைக்காக எல்லை தாண்டும் பெரியவர்கள் பள்ளிப் பிள்ளைகளைப் போல ஆண்டுக்கணக்கில் பாடப்புத்தகத்தோடு உட்கார முடியாது. அவரவருக்குத் தேவையான பகுதியை அவரவர் எடுத்துக் கற்கட்டும், கற்றவரைக்கும் அங்கீகாரம் கிடைக்கட்டும் என்பதே அங்கே பேசப்பட்டது. இந்தப் பணிக்குப் பல ஆண்டுகள் தலைமை தாங்கியவர் கேம்பிரிட்ஜின் ஜான் டிரிம். வான் எக்கின் நூல் இந்த முயற்சியில் விளைந்ததுதான். அதற்குக் கீழே ஒரு படி வேண்டும் என்று உணர்ந்து 1977இல் ‘வேஸ்டேஜ்’ என்ற இன்னொரு நூலும் வந்தது. இன்றைய ஏ2 அதன் வாரிசு.

அதே காலத்தில் நெதர்லாந்துத் தொழிற்சாலைகளில் துருக்கியரும் மொரோக்கோக்காரரும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். 1964இல் துருக்கியோடும் 1969இல் மொரோக்கோவோடும் ஆள் சேர்க்கும் ஒப்பந்தங்கள் கையெழுத்தாகியிருந்தன. ‘விருந்தினர் தொழிலாளர்’ என்று அழைக்கப்பட்ட அவர்கள் எப்படியும் ஊர் திரும்பிவிடுவார்கள் என்று அரசு நம்பியதால், டச்சு கற்பிக்க யாருக்கும் அவசரம் இருக்கவில்லை. எண்பதுகளில் இலங்கையிலிருந்து போய்ச் சேர்ந்த தமிழ் அகதிகள் முன்னாலும் இப்படியொரு தேர்வு நிற்கவில்லை. கற்பிக்காமல் விட்ட அந்த ஆண்டுகளின் விலையைப் பின்னால் வந்தவர்கள் கொடுத்தார்கள் என்பது என் எண்ணம்.

1991இல் மீண்டும் ரூஷ்லிக்கோனில் கூடினார்கள். நாட்டுக்கு நாடு, பள்ளிக்குப் பள்ளி வேறுபடும் சான்றிதழ்களை ஒப்பிட ஒரு பொது அளவு வேண்டும் என்ற முடிவு அங்கே எடுக்கப்பட்டது. ஆய்வாளர்கள் பிரையன் நார்த்தும் குந்தர் ஷ்னைடரும் அந்த அளவை உருவாக்கிய விதம் பாராட்டத்தக்கது. ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த பல அளவீடுகளிலிருந்து ‘இதைச் செய்ய முடியும்’ என்ற வகை வாக்கியங்களைத் திரட்டினார்கள். சுவிட்சர்லாந்தின் ஏறக்குறைய 300 ஆசிரியர்களிடம் கொடுத்து, எது எளிது, எது கடினம் என்று அடுக்கச் சொன்னார்கள். அதே ஆசிரியர்கள் சுமார் 2,800 மாணவர்களை அந்த வாக்கியங்களைக் கொண்டு மதிப்பிட்டார்கள். கிடைத்ததைப் புள்ளியியல் முறையில் சலித்து எடுத்த படிநிலைகள், 2001இல் ஐரோப்பிய பொது மொழிச் சட்டகமாக நூல்வடிவம் பெற்றன. ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்ற ஆறு நிலைகளும் அப்படித்தான் உலகுக்கு வந்தன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஆய்வு நடந்த மொழிகள் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன். டச்சு இல்லை. மதிப்பிடப்பட்டவர்கள் பள்ளிகளிலும் தொழிற்கல்வி நிலையங்களிலும் பெரியவர்களுக்கான வகுப்புகளிலும் ஒழுங்காக உட்கார்ந்து படித்தவர்கள். எந்த மொழியிலும் எழுதப் படிக்கக் கற்காமல், போரிலிருந்து தப்பி வந்த ஒருவரை வைத்து இந்த அளவு செய்யப்படவில்லை. ஒருவருக்குப் பேச்சில் பி1, எழுத்தில் ஏ1 என்று திறமைக்குத் திறமை நிலை மாறுவது இயல்பு என்பதையும் சட்டகம் ஏற்றுக்கொண்டது.

சட்டகம் அச்சேறிய நேரத்தில் நெதர்லாந்து கொந்தளித்துக்கொண்டிருந்தது. 1998இல் வந்த சட்டப்படி புதிதாக வருபவர்கள் மொழி வகுப்புக்குப் போவது கட்டாயம், தேறுவது கட்டாயமில்லை. 2000இல் எழுத்தாளர் பால் ஸ்கெஃபர் பன்முகப் பண்பாட்டின் தோல்வி குறித்து எழுதிய கட்டுரை நாட்டையே விவாதத்தில் இறக்கியது. 2002 மே மாதம், குடியேற்றத்தை எதிர்த்த அரசியல்வாதி பிம் ஃபோர்டைன் சுட்டுக் கொல்லப்பட்டார். 2004 நவம்பரில், இஸ்லாத்தை விமர்சித்த திரைப்பட இயக்குநர் தியோ வான் கோக் ஆம்ஸ்டர்டாம் தெருவில் கொல்லப்பட்டார். வகுப்புக்கு வந்தால் போதாது, தேர்வில் வென்று காட்ட வேண்டும் என்ற குரல் வலுத்தது. குடியேற்றத் துறை அமைச்சர் ரீட்டா வெர்டொங்க் அதைச் சட்டமாக்க முனைந்தார். சட்டத்துக்கு ஓர் எண்ணோ எழுத்தோ தேவைப்பட்டது. ஆறு நிலைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. உடுப்புத் தைக்க எடுத்த அளவு நாடாவை வாசலில் கட்டி, அந்த உயரம் இருப்பவர் மட்டும் உள்ளே வரலாம் என்று சொன்னதைப் போன்ற மாற்றம் இது.

எந்த நிலையைக் கேட்பது என்று ஆலோசனை சொல்ல, ஃப்ரான்சென் என்பவர் தலைமையில் ஒரு குழு அமைந்தது. நாட்டுக்குள் நுழைவதற்கு முன்பே, சொந்த நாட்டிலுள்ள நெதர்லாந்துத் தூதரகத்தில் எழுத வேண்டிய அடிப்படைத் தேர்வுக்கு ஏ1 கூட அதிகம் என்று கருதப்பட்டது. ஐரோப்பியச் சட்டகத்தில் அப்போது ஏ1க்குக் கீழே தனி நிலை எதுவும் இருக்கவில்லை. ஆகவே ‘ஏ1 மைனஸ்’ என்ற புது நிலை ஒன்று உண்டாக்கப்பட்டது. 2006 மார்ச் 15 முதல் அந்தத் தேர்வு நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டுகளில் விண்ணப்பதாரர் தூதரக அறையில் தொலைபேசியை எடுத்தார். மறுமுனையில் இருந்தது ஆள் அல்ல, குரலை அடையாளம் காணும் கணினி. அது சொன்ன வாக்கியத்தைத் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது, எதிர்ச்சொல் சொல்ல வேண்டியிருந்தது, கேட்ட குட்டிக் கதையைத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. நெதர்லாந்து பற்றிய 30 கேள்விகளும் இருந்தன. அடுத்த ஆண்டே ஜெர்மனியும் 2010இல் பிரிட்டனும் வாழ்க்கைத் துணைகளிடம் முன்கூட்டியே மொழித் தேர்வு கேட்கத் தொடங்கின. 2011இல் நெதர்லாந்து அந்த நிலையை ஏ1க்கு உயர்த்தி, வாசிப்பையும் சேர்த்தது.

அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான், தென்கொரியா ஆகிய நாட்டவருக்கு இந்த முன்தேர்வு இல்லை. இந்தியருக்கும் இலங்கையருக்கும் உண்டு. கணினித் துறை வேலைக்குப் போகும் திறன்மிகு பணியாளருக்குக் கட்டாயமில்லை. நிரந்தர வசிப்புரிமையோ குடியுரிமையோ கேட்கும்போதுதான் அவர் முன் ஏ2 தேர்வு வந்து நிற்கும். டச்சுக் குடியுரிமை பெற்ற ஈழத் தமிழர் ஒருவர் யாழ்ப்பாணத்தில் பெண் எடுத்தால், அந்தப் பெண் புறப்படுவதற்கு முன்பே தேர்வு எழுத வேண்டும். தேவை ஒன்றாக இருக்க, பாஸ்போர்ட்டைப் பார்த்து விதி மாறுவதை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2008இலேயே பாகுபாடு என்று கண்டித்தது. நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

உள்நாட்டில் 2007 ஜனவரி முதல் புதியவர்களுக்கு ஏ2 தேர்ச்சி கட்டாயமானது. நகரமன்றத்தின் எளிய அறிவிப்பைப் புரிந்துகொள்வது, மருத்துவரிடம் நேரம் கேட்பது, சிறிய படிவம் நிரப்புவது போன்றவை ஏ2. 2013இல் அரசு கைகழுவியது. வகுப்பைத் தேடிப் பிடிப்பதும் கட்டணம் கட்டுவதும் குடியேறியவர் பொறுப்பாயிற்று, வேண்டுமானால் 10,000 யூரோ வரை கடன் கிடைத்தது. தோற்றால் அபராதம் என்ற அச்சத்தில், இன்னும் மேலே போகக்கூடியவர்களும் ஏ2 எழுதி முடித்துக்கொண்டார்கள். ஆனால் ஏ2 டச்சை வைத்துத் தொழிற்கல்வியிலோ நல்ல வேலையிலோ நிலைக்க முடியவில்லை. அரசுக் கடிதங்களே பி1 நடையில் எழுதப்பட வேண்டும் என்பது அந்நாட்டின் கொள்கை! பிள்ளையின் ஆசிரியர் சொல்வதை ஏன் ஏற்கவில்லை என்று காரணத்தோடு விளக்க, மேலாளரிடம் நடந்ததை வரிசையாகச் சொல்ல பி1 வேண்டும். அமைச்சர் வவுட்டர் கோல்மேஸ் கொண்டுவந்த புதிய சட்டம் 2022 ஜனவரி 1 முதல் பி1ஐப் பொது இலக்காக்கியது. பொறுப்பும் நகராட்சிகளிடம் திரும்பியது. குடியுரிமைக்கான நிலையை அந்தச் சட்டம் ஏ2இலேயே விட்டுவிட்டது.

பி1ஐக் கேட்டதில் நியாயம் இருக்கிறது. கொஞ்சம் டச்சு தெரிந்தவரைக் கொஞ்ச டச்சிலேயே விட்டுவிடுவது அவருக்கு நன்மை செய்வதாகாது. புதிய சட்டம் எல்லோருக்கும் ஒரே பாதையை விதிக்கவுமில்லை. இளையவர்கள் மேற்படிப்புக்குத் தயாராக ஒரு பாதை உண்டு. 600 மணி நேரம் படித்தும் பி1 எட்டாதவர் ஏ2 எழுத அனுமதி உண்டு. படிப்பே எட்டாக்கனியாக இருந்தவர்களுக்கு 800 மணி நேர மொழி வகுப்பும் 800 மணி நேர சமூகப் பங்கேற்பும் கொண்ட தனிப் பாதை உண்டு. அங்கே உழைப்பு பார்க்கப்படுகிறது, தேர்வு மதிப்பெண் பார்க்கப்படுவதில்லை. ஆறு நிலைகளுக்கும் முன்னால் எழுத்தறிவுக்கென்று ஆல்ஃபா ஏ, பி, சி என்ற படிகளை டச்சு வல்லுநர்கள் முன்பே வகுத்திருந்தார்கள். ஐரோப்பிய கவுன்சிலோ, எழுத்தறியாமல் வரும் பெரியவர்களுக்கான வழிகாட்டியை 2022இல்தான் வெளியிட்டது. மூல அளவில் அவர்களுக்கு இடமில்லை என்பதை ஏற்க 21 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

நீதிமன்றமும் குறுக்கிட்டது. முன்தேர்வு வைக்கலாம், ஆனால் ஒவ்வொரு முயற்சிக்கும் 350 யூரோ வாங்கி, ஆளின் நிலைமையைப் பாராமல் குடும்பத்தைப் பிரித்து வைக்கக் கூடாது என்று 2015 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 17 வயதில் நெதர்லாந்துக்கு வந்த எரித்ரிய அகதி ஒருவரின் வழக்கு 2025 பிப்ரவரி 4 அன்று அதே நீதிமன்றத்தில் முடிவானது. கெடுவுக்குள் தேறாததால் அவருக்கு 500 யூரோ அபராதம் விதிக்கப்பட்டிருந்தது, 10,000 யூரோ கடனைத் திருப்பிக் கட்டும்படியும் சொல்லப்பட்டிருந்தது. அகதிகளிடம் தேர்வு கேட்கலாம், ஆனால் வயது, கல்வி, குடும்பச் சூழல், உடல்நலம் ஆகியவற்றைப் பார்த்தே கேட்க வேண்டும். தோற்றவருக்கெல்லாம் வழக்கமாக அபராதம் விதிக்கக் கூடாது. வகுப்பின், தேர்வின் முழுச் செலவையும் அகதியின் தலையில் கட்டக் கூடாது என்று நீதிபதிகள் சொன்னார்கள்.