கொக்கிக்கும் வரலாறு உண்டு

அமெரிக்காவில் பழைய தச்சர்களின் இழைப்புளியைத் தேடிச் சேகரிக்கிறார்கள். வடசென்னையின் கருவி எது? மூட்டை தூக்கிய கைக்கொக்கி.

1875இல் சென்னைத் துறைமுகக் கட்டுமானம் தொடங்கியது. 1881 புயல் அதைச் சிதைத்தது, மீண்டும் கட்டினார்கள். பல பத்தாண்டுகள் மூட்டைகள் தோளிலும் முதுகிலும்தான் நகர்ந்தன. சாக்கில் கொக்கியை மாட்டி இழுத்துத் தோளில் ஏற்றினார்கள். 1983இல் கன்டெய்னர் முனையம் வந்தது. பெட்டியை கிரேன் தூக்கியது. கொக்கிக்கு வேலை குறைந்தது.

சாதி வேலையை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே பிரிக்கிறது என்று 1936இல் அம்பேத்கர் எழுதினார். கருவிகளிலும் அதே பிரிவினைதான்: எழுத்தாணி பாரம்பரியம் ஆனது, கொக்கி பழைய இரும்பு ஆனது.

தோழர்களே, ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ தாத்தா வீட்டுப் பரணில் கொக்கி கிடந்தால் காயலான் கடையில் போடாதீர்கள். அவர் பெயரையும் உழைத்த ஆண்டுகளையும் எழுதி, அதனோடு சேர்த்து வையுங்கள்.