ஆழ்மூளைத் தூண்டல் சிகிச்சை

மூளையின் ஆழத்தில் குறித்ததோர் இடத்தில் மெல்லிய மின்முனையைப் பதித்து, மார்பின் தோலுக்கடியில் வைத்த சிறு கருவியிலிருந்து இடையறாத மின்துடிப்புகளைச் செலுத்தி, பார்க்கின்சன் நோயின் நடுக்கத்தையும் தசை இறுக்கத்தையும் அசைவுத் தளர்ச்சியையும் தணிக்கும் முறை ஆழ்மூளைத் தூண்டல் எனப்படும். நோயை வேரறுக்கும் சக்தி இதற்கு இல்லையெனினும், மூளையின் பகுதியை அழித்தே குணம் காணவேண்டும் என்றிருந்த நிலையை மாற்றி, வேண்டும்போது கூட்டவும் குறைக்கவும் நிறுத்தவும் கூடிய சிகிச்சையை அளித்ததே இதன் தனிச் சிறப்பாகும்.

1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்நோயை விவரித்த பின், ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தக்க ஔஷதம் எதுவும் கிட்டவில்லை. 1947இல் பிலடெல்பியாவில் ஸ்பீகலும் வைசிஸும் தலையில் பொருத்தும் சட்டத்தின் துணையால் மூளையின் உள்ளிடங்களை அளந்து அணுகும் முறையை மனிதரிடத்தில் கையாண்டனர். அதன்பின் மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் முதலிய பகுதிகளில் ஒரு சிறு இடத்தைச் சுட்டழித்து நடுக்கத்தை நிறுத்தும் சஸ்திர சிகிச்சை பரவலாயிற்று. ஆனால் சுட்ட இடம் மீளாது. இரு பக்கமும் செய்தால் பேச்சும் விழுங்குதலும் கெடும் அபாயம் இருந்தது.

இதற்கிடையே, நோயாளரின் மூளையில் டோப்பமீன் என்னும் வேதிப்பொருள் குறைந்திருப்பதை 1960இல் வியன்னாவில் ஹார்னிகீவிச் நிறுவினார். 1960களின் இறுதியில் கோட்சியாஸ், மூளையில் டோப்பமீனாக மாறும் லெவோடோப்பா மருந்தை வாய்வழியே படிப்படியாக மிகுத்துக் கொடுத்து வியத்தகு பலன் கண்டார். அதனால் சஸ்திர சிகிச்சை பெரும்பாலும் கைவிடப்பட்டது. எனினும், சில ஆண்டுகள் சென்றபின் மருந்தின் பலன் நாளுக்குள்ளேயே ஏறியிறங்கவும், அங்கங்கள் கட்டுக்கடங்காமல் நெளியவும் தொடங்கியதால் வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

தீரா வலியைத் தணிப்பதற்காக மூளைக்குள் மின்முனையை நிலையாகப் பதிக்கும் முயற்சிகள் 1970களிலேயே சில நாடுகளில் நிகழ்ந்தன. இந்தியாவில் மூளைக்குள் மின்முனை பொருத்திய முன்னோடிகளுள் ஒருவர் சென்னையின் பெண் நரம்பியல் சஸ்திர நிபுணர் டி. எஸ். கனகா ஆவார். பார்க்கின்சன் நோய்க்குரிய வழி பிரான்சிலுள்ள கிரெனோபிளில் திறந்தது. தலாமஸைச் சுடுவதற்கு முன், சரியான இடந்தானா என்று மின்சாரம் பாய்ச்சிச் சோதிப்பது வழக்கம். அச்சோதனையில் வினாடிக்கு நூறு துடிப்புகள் அளவில் செலுத்தியபோது, சுடாமலேயே நடுக்கம் நின்றதையும், மின்சாரத்தை நிறுத்தியதும் அது திரும்பியதையும் கண்ட நரம்பியல் சஸ்திர நிபுணர் அலிம் லூயி பெனாபிட், பியேர் போலக் என்னும் நரம்பியல் மருத்துவருடன் சேர்ந்து, சோதனைக் கருவியாயிருந்ததையே சிகிச்சையாக்கத் துணிந்தார். 1987இல் வெளிவந்த அவர்களது அறிக்கையே இத்துறையின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது.

தலாமஸ் தூண்டல் நடுக்கத்தை மட்டுமே போக்கிற்று; மற்றக் குறைகளுக்கு வேறு இடம் தேட வேண்டியிருந்தது. கலிபோர்னியாவில் எம்.பி.டி.பி. என்னும் நச்சு கலந்த போதைப்பொருளை ஊசிவழி ஏற்றிக்கொண்ட இளைஞர் சிலர் 1982இல் திடீரென விறைத்துப் போனதிலிருந்து, அந்நச்சால் குரங்குகளிடத்தில் இந்நோயின் சாயலை உண்டாக்கி ஆராய வழி பிறந்தது. 1990இல் பெர்க்மன், விக்மன், மாலன் டிலாங் ஆகியோர் அத்தகைய குரங்குகளில், தலாமஸுக்கு அடியில் அவரை விதை போலிருக்கும் சப்தலாமிக் நியூக்ளியஸ் மிகையாக இயங்குவதையே காரணமாகக் கண்டு, அதைச் செயலிழக்கச் செய்ததும் அசைவு மீண்டதைக் காட்டினர். பெனாபிட் குழுவினர் 1993இல் அவ்விடத்தையே மனிதரில் தூண்டினர். நடுக்கத்தோடு இறுக்கமும் தளர்ச்சியும் குறைந்தன, மருந்தின் அளவையும் குறைக்க முடிந்தது. அமெரிக்க அரசு இம்முறையை நடுக்கத்திற்கு 1997இலும், முற்றிய பார்க்கின்சன் நோய்க்கு 2002இலும் அங்கீகரித்தது. பெனாபிடும் டிலாங்கும் 2014இல் லாஸ்கர் விருது பெற்றனர்.

சஸ்திர சிகிச்சையின்போது நோயாளி பெரும்பாலும் விழித்திருப்பார். நரம்பணுக்களின் மின்னொலி ஒலிபெருக்கியில் படபடவென்று கேட்க, அதைக்கொண்டு மருத்துவர் இடத்தை மதிப்பிடுவார். விரல்களை மூடித் திறக்கச் சொல்லியும், மணிக்கட்டை வளைத்துப் பார்த்தும், பேச்சுக் குழறுகிறதா என்று கவனித்தும் மின்னளவை நிர்ணயிப்பார். துடிப்பு வினாடிக்கு ஏறத்தாழ 130 என்பது வழக்கம். மூளையில் இரத்தக் கசிவு, கிருமித்தொற்று ஆகிய அபாயங்கள் அரிதாயினும் உண்டு.

லெவோடோப்பாவுக்கு இணங்கும் குறைகளே பெரும்பாலும் இதற்கும் இணங்கும். நிலைதடுமாற்றமும் மறதியும் இதனால் தீர்வதில்லை, நோயின் வளர்ச்சியும் நிற்பதில்லை. ஆதலால் நோயாளியைத் தேர்ந்தெடுப்பதும், பின்னர் மாதக்கணக்கில் மின்னளவைச் சீர்செய்வதும் சஸ்திரத் திறமைக்கு நிகரான முக்கியத்துவம் உடையவை. மூளையின் அலைகளை அறிந்து தானே அளவை மாற்றிக்கொள்ளும் கருவிகள் இப்போது வழக்கத்துக்கு வந்துள்ளன. நோயாளியின் அன்றாட நிலைக்கு ஏற்பச் சிகிச்சையைத் திருத்தலாம் என்னும் கிரெனோபிள் கொள்கையின் இயல்பான வளர்ச்சியே அவை.