சேவல் கொண்டை முட்டிக்கு வந்த கதை

இறைச்சிக்கூடத்தில் யாரும் சீந்தாத பொருள்களில் ஒன்று மாட்டுக் கண். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் ஆராய எடுத்துக்கொண்டது அதைத்தான். கண்ணுக்குள் நிறைந்திருக்கும் கூழிலிருந்து ஒரு நீளமான சர்க்கரைச் சங்கிலியைப் பிரித்து, 1934-இல் அதற்கு ஹயலுரானிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதில் கெட்டிக்காரச் சரக்கு. பின்னால் தேடியபோது தொப்புள்கொடியில் இருந்தது, தோலில் இருந்தது, மூட்டுக்குள் ஊறும் நீரிலும் இருந்தது. இன்றைக்கு முட்டித் தேய்மானத்துக்குப் போடும் ‘ஜெல் ஊசி’யில் இருப்பதும் இதுவே.

ஆனால் முட்டிக்கு அது நேர்வழியில் வரவில்லை. ஹங்கேரிக்காரர் எண்ட்ரே பலாஸ் 1942-இல் இதற்கு ஒரு காப்புரிமை கேட்டார். எதற்கென்றால், பேக்கரிப் பண்டங்களில் முட்டை வெள்ளைக்கருவுக்குப் பதிலாகச் சேர்ப்பதற்கு! நல்லவேளை, மனிதர் அடுமனையோடு நின்றுவிடவில்லை. பிறகு அமெரிக்கா போய், சேவல் கொண்டைப் பக்கம் திரும்பினார். கொண்டையில் இந்தச் சரக்கு மண்டிக் கிடக்கிறது. அதைப் பிரித்தெடுப்பது பெரிய காரியமில்லை. உடம்புக்குள் செலுத்தினால் வீக்கம் வராத அளவுக்குச் சுத்தம் செய்வதுதான் பெரிய காரியம். அதில்தான் பலாஸ் வென்றார். கொண்டையிலிருந்து எடுத்த வகைகள் இன்னும் புழக்கத்தில் உண்டு. அதனால்தான் சில டாக்டர்கள் ஊசிக்கு முன்னால், கோழி, முட்டை சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்கிறார்கள். மற்றவை பாக்டீரியாவை வளர்த்து எடுப்பவை.

முதலில் இது இறங்கிய முட்டிகளில் பந்தயக் குதிரைகளின் முட்டியும் உண்டு. குதிரைகளில் பார்த்த பலனை பலாஸ் குழுவினர் 1970-இல் எழுதினார்கள். 1980-இல் ‘ஹீலான்’ என்ற பெயரில் கண்புரை அறுவைக்கு வந்தது. அறுவையில் கண்ணைக் கீறித் திறந்ததும் அதன் முன்னறை அமுங்கிவிடும். புது லென்ஸ் உள்ளே போகும்போது கருவிழியின் உட்புறத்தில் உரசும். இந்தக் கூழை உள்ளே விட்டால் அறை நிமிர்ந்து நிற்கும், வேலை முடிந்ததும் உறிஞ்சி எடுத்துவிடலாம். இது தன் பெயரை உண்மையாகவே சம்பாதித்த இடம் கண்தான் என்பேன். புறப்பட்ட இடமும் கண்தானே!

முட்டிக்கு 1987 வாக்கில் இத்தாலியிலும் ஜப்பானிலும் அனுமதி கிடைத்தது, அமெரிக்காவில் 1997-இல். அங்கே அது மருந்தாகப் பதிவாகவில்லை, மருத்துவச் சாதனமாகப் பதிவானது. சொல்லப்பட்ட காரணம் கேட்க நன்றாகவே இருக்கும். நல்ல முட்டியிலிருந்து ஒரு சொட்டு நீரை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துப் பிரித்தால் நூல்போல் இழுபடும். தேய்ந்த முட்டியில் அந்தக் கொழகொழப்பு குறைகிறது. குறைந்ததை ஊற்றி நிரப்புவோம், கதவுக் கீலுக்கு எண்ணெய் விடுகிற மாதிரி.

கணக்கு உதைப்பது இங்கேதான். ஊற்றிய ஜெல் சில நாளில் மூட்டைவிட்டு வெளியேறிவிடுகிறது. வலி குறைந்தது என்று சொல்பவர்களோ மாதக்கணக்கில் சொல்கிறார்கள். வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார்கள். 2022-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 169 ஆய்வுகளை, 21,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். பெரிய ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டால், நூறு மில்லிமீட்டர் வலி அளவுகோலில் போலி ஊசியைவிட ஜெல் ஊசி கூடுதலாகக் குறைத்தது சுமார் இரண்டு மில்லிமீட்டர். நோயாளிக்கு அது தெரியவே தெரியாது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல் தரும் நைஸ் அமைப்பு அதே ஆண்டில் இதைத் தர வேண்டாம் என்றே சொல்லிவிட்டது.

இதற்கு மூத்தது ஸ்டீராய்டு ஊசி. ஃபிலடெல்ஃபியாவில் ஜோசப் ஹாலண்டர் 1951-இல் எழுதியதிலிருந்து அது நடப்பில் இருக்கிறது. விலை மலிவு; வீங்கிச் சூடேறிய முட்டியைச் சில வாரம் அடக்கும். அதையே வழக்கமாக்கினால் வம்பு. மூன்று மாதத்துக்கு ஒன்றாக இரண்டு வருடம் போட்டுப் பார்த்து 2017-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வலியில் உப்புநீரைவிட மேம்பாடு இல்லை, குருத்தெலும்புதான் கூடுதலாகத் தேய்ந்திருந்தது.

ஊசிக்காக வருகிற வழியும் இந்தக் கணக்கில் சேரும். அதற்கு அந்தமானின் ஃபீனிக்ஸ் பே. இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியிருக்கும் போர்ட் பிளேரில், தீவுகளுக்கிடையே ஓடும் கப்பல்கள் வந்து நிற்கும் ஜெட்டி. லிட்டில் அந்தமானின் ஹட் பேயிலிருந்து முட்டி வலியோடு ஒருவர் இங்கே வந்து இறங்க ஒரு பகலோ ஓர் இரவோ போய்விடும். கடல் கொந்தளித்தால் கப்பலே கிடையாது. சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து திரும்பி, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு வழி இன்னும் தூரம். ஜெட்டி ஏணியில் ஏறி இறங்குவதே தேய்ந்த முட்டிக்கு ஒரு பரீட்சை.

ஜெல் ஊசியில் பரவலான முறைகளில் இரண்டு: வாரம் ஒன்றாக மூன்று, அல்லது 6 மில்லி மொத்தத்தையும் ஒரே ஊசியில். சென்னையில் இது விலைப் பேச்சு. இங்கே அது மூன்று கப்பல் டிக்கெட்டா, ஒன்றா என்ற பேச்சு. “ஒரே ஊசியா போட்டுடுங்க டாக்டர்” என்று இங்கே ஒருவர் கேட்டால், அதில் மருத்துவத்தைவிடக் கப்பல் அட்டவணைக்கே பங்கு அதிகம். ஆயிரக்கணக்கில் பணம் கட்டும் முன் அந்த இரண்டு மில்லிமீட்டரையும் அவருக்குச் சொல்லிவிட வேண்டும். தொடைத் தசைக்கான பயிற்சியை ஒரு முறை செய்துகாட்டி அனுப்பினால், அதற்கு அவர் மறுபடி கப்பலேற வேண்டியதில்லை.

ஸ்டீராய்டு என்றால் வேறு கவனம் வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறும். எந்த ஊசி போட்டாலும், அபூர்வமாக, மூட்டுக்குள் கிருமி புகலாம். முட்டி சிவந்து வீங்கிக் காய்ச்சல் அடித்தால் நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்க முடியாது. ஆகவே ஊரில் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், அங்கிருந்து திரும்பி வர அடுத்த கப்பல் என்றைக்கு என்று விசாரித்துவிட்டு டாக்டர் ஊசியை எடுப்பது நல்லது.